மாங்காய் மண்டியில் ஒரு வால்வு ஆம்ப்

புதிய ஆம்ப்ளிஃபையரை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரவில், என் கிட்டாரிலிருந்து அவ்வளவு இனிமையான ஒலி வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பத்து நாள் கழித்து அதே கிட்டார், அதே ஆம்ப். குமிழ்கள்கூட வைத்த இடத்திலிருந்து நகரவில்லை. குழுவோடு உட்கார்ந்து வாசித்தபோது நான் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. அன்று தொடங்கி, காவேரிப்பட்டணம் பக்கத்துக் கோயில் திருவிழாவில் மேடை ஏறும் வரை செய்ததையெல்லாம் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துவந்தேன். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுவதும் போர்வெல் மோட்டார்கள். சனி, ஞாயிறு இரவுகளிலும் முகூர்த்த நாட்களிலும் மெல்லிசைக் குழுவில் கிட்டார். நாங்கள் ஏழு பேர்: இரண்டு பாடகர்கள், கீபோர்டு மாமா, பேஸ் கிட்டார், தபலா, டிரம்ஸ் தம்பி, நான். பதினான்கு ஆண்டுகளாக எல்லா மேடையிலும் என் கிட்டார், ஒலியை விதவிதமாக மாற்றித் தரும் ஒரு புரொசசர் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து நேராக மைக்செட்காரரின் மிக்சருக்குப் போய்விடும். நம் பக்கத்து மேடைகளில் அநேகமாக எல்லாரும் இப்படித்தான் வாசிக்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூக்கிப்போவது எளிது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பொத்தான். ஆனால் நான் வாசிப்பது எனக்குக் கேட்கவேண்டும் என்றால் தரையில் கிடக்கும் மானிட்டரை நம்பவேண்டும்; அதிலோ பாடகரின் குரல்தான் முதலில் வரும், அதுதான் நியாயமும்கூட. விரலை மெல்ல வைத்தால் மெல்லவும், அழுத்தினால் சீறியும் பதில் சொல்கிற ஒரு பெட்டி என் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்று நெடுநாளாக ஆசை. சென்ற தை மாதம் பெங்களூருக்குப் போய் வாங்கினேன். திரும்பும்போது பஸ்ஸில் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் எடுத்து, ஓசூர் தாண்டும் வரை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். எடை 20 கிலோவுக்கு மேல்.

பெட்டி 15 வாட். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. உள்ளே ஐந்து வால்வுகள், அதாவது சூடேறி வேலை செய்யும் கண்ணாடிக் குடுவைகள்: முன்பகுதியில் ஒலியைப் பெரிதாக்க 12ஏ.எக்ஸ்.7 என்ற சிறிய வால்வு மூன்று, ஸ்பீக்கரைத் தள்ள இ.எல்.84 இரண்டு. இந்த இ.எல்.84 நம் தாத்தாக்களுக்குப் பழக்கப்பட்ட வால்வுதான். பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் கடைசிக் கட்டத்தில் நின்று பாடியது இதுவே. பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ஒருகாலத்தில் இதைத் தயாரித்தது. இங்கிலாந்தின் வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப்ளிஃபையரில் நான்கு இ.எல்.84 சேர்ந்து 30 வாட் தருகின்றன. என்னுடையதில் இரண்டு, ஆகவே பாதி.

காயில் கட்டுகிறவனுக்கு இந்தப் பெட்டியில் மனம் போய் நிற்கும் இடம் வால்வு இல்லை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு இ.எல்.84 ஜோடிக்கு ஏறக்குறைய 8,000 ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதைச் சேர்த்துவைக்கும் வேலை டிரான்ஸ்ஃபார்மருடையது. ஆயிரத்தின் வர்க்கமூலம் ஏறக்குறைய 32 என்பதால், ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்று என்றால் வால்வுப் பக்கம் 32 சுற்று. ஸ்பீக்கர் வயர் கழன்ற நிலையில் இப்படிப்பட்ட ஆம்பை வாசிக்கவே கூடாது என்று சொல்வதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. சுமை இல்லாமல் போனால் வால்வுப் பக்கச் சுருளில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, எனாமல் பூச்சைத் துளைத்துவிடும். கருகிய மோட்டார் சுருளின் வாசனையை நாள்தோறும் முகர்கிறவன் நான். அந்த எச்சரிக்கையை நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

ஒத்திகைக்கு எங்களுக்கு ஒரு மாங்காய் மண்டி கிடங்கு உண்டு. சித்திரை முதல் ஆடி வரை அங்கே கால்வைக்க இடம் இராது. மற்ற மாதங்களில் காலி. நாங்கள் போன மாசி மாதத்தில் வெளியே மரங்களில் பூ. உள்ளே சுவர் உயரத்துக்கு அடுக்கிய காலிக் கிரேட்டுகள், மூலையில் சாக்குக் கட்டுகள், மேலே தகரக் கூரை. ஆம்பை மூலையில், தரையில், சுவரோடு ஒட்டி வைத்தேன். வீட்டில் பிடித்துவைத்த குமிழ் நிலைகளை மாற்றவில்லை: பேஸ் (கீழ் ஒலி) மூன்று மணி, மிடில் (நடு ஒலி) ஒன்பது மணி, ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) இரண்டு மணி. கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். கரகரப்புக்கான கெயினும் தாராளமாக இருந்தது.

முதல் பாட்டு நான்கு நிமிடம். முடிந்ததும் பாடகர் அண்ணன் திரும்பி, “தம்பி, நீங்கள் எப்போது தொடங்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். அவர் கேலி பேசுகிறவர் இல்லை. உண்மையாகவே கேட்டார். பேஸ் கிட்டார் தம்பிக்கு வேறு குறை: தன்னுடைய சுரம் எது, அதிர்வது எது என்றே பிரியவில்லை, கிடங்கே உறுமுகிறது என்றான். கீபோர்டு மாமா நேரடியாகச் சொல்லிவிட்டார்: “15 வாட் போதாதப்பா. நூறு வாட்டாக வாங்கியிருக்கவேண்டும்.”

வாட் கணக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வாங்குகிற எல்லாரும் தடுமாறும் இடம் அது. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 15க்கும் 100க்கும் நடுவில் 8 டெசிபெல் இடைவெளிதான். அதே நேரத்தில் ஸ்பீக்கரின் உணர்திறன் 3 டெசிபெல் கூடினால், ஒரு வாட் கூட்டாமலே வாட்டை இரட்டிப்பாக்கிய பலன். என் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபெல் தருகிற வகை. 15 வாட்டும் செலவானால் 110 டெசிபெல்லை நெருங்கும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது வலிக்கிற அளவு அது. ஆகவே சத்தம் போதாமல் இல்லை. அந்தச் சத்தம் தவறான இடத்தில் இருந்தது. அதை மாமாவிடம் வாயால் சொல்லி நிறுவ முடியாது, வாசித்துக் காட்டவேண்டும்.

அதற்கு முன் வேறொன்று குறுக்கிட்டது. அதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பாட்டில் எனக்குக் கோரஸ் உண்டு. இடது கை கிட்டார்க் கம்பிகளில் இருக்க, மைக்கை நெருங்கினேன். உதடு மைக்கின் வலையைத் தொட்ட நொடியில் சுரீர் என்றது. முன்பற்கள் வரை அதிர்ந்தது. இப்படி உதட்டில் ‘கரண்ட் அடிப்பதை’ மேடைக் கலைஞர்கள் சகஜமாகச் சொல்லிக்கொள்வார்கள். துணி சுற்றிய மைக், ரப்பர் செருப்பு என்று கைவைத்தியமும் வைத்திருப்பார்கள். நான் வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு மல்ட்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனை கிட்டார்க் கம்பியில், இன்னொன்று மைக் வலையில். 94 வோல்ட்.

காரணம் எளியது. கிட்டார்க் கம்பிகள் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து போகும் எர்த் வயர் வழியாகவும் கேபிள் வழியாகவும் ஆம்பின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கின்றன. மைக் வலை அதேபோல மிக்சரின் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டும் உண்மையான எர்த்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் வோல்ட்டே இருக்காது. ஆம்ப் ஒரு சுவர்ப் பிளக்கில், மிக்சர் எதிர்ச் சுவரில் இருந்தது. அந்த எதிர்ச் சுவர்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று ஓட்டைகள் இருந்தன. எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. மிக்சரின் பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்ட்டர் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசிகிற மின்சாரத்துக்குப் போக வேறு இடம் இல்லை. என் உதடு வந்து வழிவிட்டது. அன்று கசிவு சிறியதாக இருந்ததால் சுரீரோடு போனது. கருவி ஒன்றில் இன்சுலேஷன் பழுதாகியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆம்ப் பக்கத்துப் பிளக்கையும் நம்பாமல் சோதித்தேன். மீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் மீட்டர் இழுக்கிற மின்சாரம் மிகக் குறைவு. நைந்த எர்த்கூட நல்ல எர்த்போலக் காட்டும். நூறு வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியவிட்டேன். பல்பு மங்கலாக எரிந்தது. 230 நிற்கவேண்டிய இடத்தில் 170தான் நின்றது. வெளியே மீட்டர்ப் பெட்டிக்கு அடியில் இருந்த எர்த் குழியில் மண் பிளந்து கிடந்தது. டிரம்ஸ் தம்பி நான்கு குடம் தண்ணீர் கொண்டுவந்தான். பழைய கரியையும் உப்பையும் மாற்றி, பச்சை பிடித்த கிளாம்பை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். மறுநாள் மாலை அதே பல்பு பளிச்சென்று எரிந்தது, மீட்டர் 222 காட்டியது. பிறகு ஆம்ப், மிக்சர், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், ஒரே எர்த்தில் சேர்த்தேன். கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் மறுபடி அளந்தபோது அரை வோல்ட்டுக்கும் கீழே. இந்தப் பல்பு வேலை எலக்ட்ரீஷியனுக்கு உரியது, பழக்கமில்லாதவர்கள் தொடவேண்டாம். ஆனால் எந்த இடத்தில் வாசித்தாலும், மைக்கில் உதடு வைக்கும் முன் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்கிப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாம் ஒத்திகையில் ஒலிக்கு வந்தோம்.

கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸ். நடுவில் தபலாவின் இடந்தலை. மேலே கீபோர்டு மாமாவின் வயலின் ஒலிகள், அதற்கு மேல் குரல். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து பேஸைக் கூட்டி ரசித்தபோது, அந்த அறையில் வேறு யாரும் இல்லை. எல்லா இடத்தையும் நானே நிரப்பினேன். குழுவில் அந்தக் கீழ்ப்பகுதி வேறு இருவருடைய வீடு. நான் அங்கே போய் உட்கார்ந்தால் அவர்களும் கெடுகிறார்கள், நானும் கேட்பதில்லை. கிட்டார் தன்னை அடையாளம் காட்டும் இடம் நடுப்பகுதி. அதைத்தான் நான் வீட்டில் ஒன்பது மணிக்கு இறக்கிவைத்திருந்தேன்.

பேஸைப் பத்து மணிக்கு இறக்கினேன். மிடிலை மூன்று மணிக்கு ஏற்றினேன். ட்ரெபிள் பன்னிரண்டு. இப்படிப்பட்ட ஆம்ப்களின் குமிழ்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மூன்றையும் பன்னிரண்டில் நிறுத்தினால் ஒலி சமமாக இருக்கும் என்று தோன்றும். இல்லை. இந்தச் சுற்று ஒலியைக் கூட்டுவதில்லை, குறைக்க மட்டுமே செய்கிறது. நடுவில் நிறுத்தினாலே நடுப்பகுதி பள்ளமாகிவிடும். அந்தப் பள்ளத்தை மேடாக்க மிடிலை நன்றாக ஏற்றி மற்ற இரண்டையும் இறக்கவேண்டும். ஒரு குமிழைத் திருப்பினால் மற்ற இரண்டின் வேலையும் சற்று மாறும். அதனால் கண்ணால் பார்த்து நிறுத்துவதை விட்டுவிட்டு, டிரம்ஸ் தம்பியையும் பேஸ் தம்பியையும் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன்.

கெயினைப் பாதிக்கு மேல் குறைத்தேன். அதற்குத்தான் மனம் மிகவும் தயங்கியது. வீட்டில் அந்தக் கரகரப்பு விரலுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. ஆனால் கரகரப்பு ஏற ஏற, கம்பியைத் தட்டும் அந்த முதல் நொடி அமுங்கிவிடுகிறது. மெல்லத் தட்டியதும் ஓங்கித் தட்டியதும் ஒரே உயரத்தில் வருகின்றன. தபலாவும் டிரம்ஸும் தட்டும் நொடிகளால் நிறைந்த குழுவில், தட்டும் நொடி இல்லாத கிட்டார் புகைபோலப் பரவிக் கரைந்துவிடும். ரிவெர்பை முழுவதும் மூடினேன். தகரக் கூரையே வேண்டிய அளவு எதிரொலி தருகிறது.

கார்டுகளையும் மாற்றினேன். ஆறு கம்பியும் சேர்த்து வாசிப்பதை விட்டு, மேல் மூன்று கம்பிகளில் மட்டும். மாமாவிடம் ஓரமாகப் போய், “மாமா, இந்தச் சரணத்தில் மட்டும் இடது கையைக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டேன். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் இதைக் கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்தாயி மேலே போனார். அடுத்த சுற்றிலேயே பேஸ் தம்பி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வால்யூம் குமிழை நான் தொடவே இல்லை. கிட்டார் கேட்டது. மாமா வாசித்துக்கொண்டே, “ஆமாம், இப்போது இருக்கிறாய்” என்றார்.

அன்று இரவு அதே நிலைகளில் வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்தேன். மூக்கடைத்த குரல்போல இருந்தது, தகர டப்பாவைத் தட்டியதுபோல. தனியே கேட்டால் யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். ஆனால் ஒத்திகையில் செல்பேசியில் பதிந்துவைத்ததைக் கேட்டால், ஒவ்வொரு சுரமும் தெளிவாக நிற்கிறது.

அந்தப் பதிவில்தான் இன்னொரு பழுதும் தெரிந்தது. சில சுரங்களின் வாலில் மெல்லிய ‘ங்ங்’ என்று ஒரு மணியோசை ஒட்டிக்கொண்டிருந்தது. ‘ஏ’ (A) என்ற சுரத்தில் கூடுதல். முதலில் ஸ்னேர் டிரம்மைச் சந்தேகித்தேன். அதன் அடியில் இருக்கும் கம்பிகள் பிற ஒலிகளுக்கும் கூடச் சேர்ந்து நடுங்கும். மூன்றாம் ஒத்திகையில் தம்பி அந்தக் கம்பிகளை இறுக்கும் நெம்புகோலைத் தளர்த்தினான். பாதி ஓசை போனது. மீதி நின்றது. கேபிளைப் பிடுங்கினேன், ஆம்பின் மேல் விரலால் தட்டினேன். ஸ்பீக்கரில் ‘ணங்’ என்றது. வால்வு என்று தெரிந்துவிட்டது.

பின்பக்கப் பலகையின் ஆறு திருகுகளைக் கழற்றினேன். பலகை வந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. சூடான தூசியும் வார்னிஷும் கலந்த வாசனை. வெளியே விளக்கை அணைக்கச் சொன்னேன். கண்ணாடிக் குடுவைகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் இழைகள் கனன்றன. இ.எல்.84 இரண்டும் உயரமாக, பக்கத்தில் நிற்கும் மூன்றும் கட்டைவிரல் அளவில், தகர உறை போட்டு. பென்சிலைத் திருப்பிப் பிடித்து அதன் ரப்பர் முனையால் ஒவ்வொன்றாக மிக மெல்லத் தட்டினேன். மூன்றாவது பேசவில்லை. இரண்டாவது ‘டப்’ என்று மட்டும் சொன்னது. உள்ளீட்டுக்குப் பக்கத்தில் இருந்த முதலாவதைத் தொட்டதும் பித்தளைக் கிண்ணம்போல ஒலித்து, இரண்டு நொடி ஓயாமல் நின்றது. உள்ளே இருக்கும் மெல்லிய பாகங்களில் எதுவோ சற்றுத் தளர்ந்திருக்கிறது. ஓசூர் சாலையின் வேகத்தடைகளோ, அதற்கு முந்திய பயணங்களோ, சொல்ல முடியாது. அந்த வால்வு மைக்போல நடந்துகொள்கிறது, அதன் அசைவையே ஒலியாக மாற்றுகிறது. முதல் இடத்தில் இருப்பதால் அது செய்கிற சிறு பிழையையும் பின்னால் வருகிற எல்லா வால்வும் பெருக்குகின்றன.

கையிருப்பில் வேறு வால்வு இல்லை. ஆனால் மூன்றும் ஒரே வகை. அணைத்துவிட்டு அரைமணி நேரம் ஆறவிட்டேன். தகர உறையை அழுத்தித் திருகிக் கழற்றி, குடுவையைத் துணியால் பிடித்து, வட்டமாக மிக லேசாக அசைத்தபடி நேராக மேலே இழுத்தேன். ஒன்பது ஊசிகள். முதலாவதை மூன்றாம் இடத்திலும், மூன்றாவதை முதல் இடத்திலும் பொருத்தினேன். மூன்றாம் இடத்துக்குப் பின்னால் பெருக்க அதிகம் இல்லை, அதன் பிழை வெளியே தெரியாது. மறுபடி ஏ சுரம். வால் சுத்தமாக அடங்கியது. சட்டத்தின் உள்பக்கத்தை நான் திறக்கவில்லை. அங்கே இருக்கும் கப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கக்கூடும். வால்வைக் கழற்ற அதைத் தொடவேண்டிய தேவையும் இல்லை.

பெட்டியை வைக்கும் இடத்தையும் அன்றே முடிவு செய்தோம். மூலையும் தரையும் கீழ் ஒலியைத் தேவையில்லாமல் பெருக்குகின்றன. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டு மாங்காய்க் கிரேட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே மடித்த சாக்கு, அதன்மேல் ஆம்ப். பேஸ் குமிழைத் தொடாமலே உறுமல் குறைந்தது. 12 அங்குல ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராக மட்டும் பாயும். தரையில் வைத்தபோது அது என் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. நான் போதாது என்று ட்ரெபிளை ஏற்ற, பத்தடி தள்ளி நேரே உட்கார்ந்திருந்த தபலா அண்ணனின் காதில் ஊசி குத்தியிருக்கிறது. பெட்டியைப் பின்னால் சாய்த்து என் காதைப் பார்க்க வைத்ததும் ட்ரெபிள் பதினொன்றுக்கு இறங்கியது. கிரேட்டில் பெங்களூரா மாங்காயின் பால் வாசனை இன்னும் இருந்தது. சாக்குக்கும் அது ஏறி, இப்போது ஆம்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருவிழா தென்பெண்ணைக் கரையோரத்து ஊரில். மைக்செட் அண்ணன் எங்களுக்குப் பழக்கம். ஆம்பைப் பார்த்ததும் பின்பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை. “எங்கள் அப்பா வைத்திருந்த செட்டிலும் இப்படித்தான் பல்பு எரியும். குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டிவிட்டு, இது சூடேறும் வரை காத்திருப்போம்” என்றார்.

அவருக்கு ஒரு கவலையும் இருந்தது: ஆம்பின் ஒலி பாடகர்களின் மைக்குக்குள் நுழைந்து குரலைக் குழப்பும். சரியான கவலை. பாட்டு மைக்குகள் முன்னால் வருவதை எடுத்துக்கொள்ளும், நேர் பின்னால் வருவதைத் தள்ளும். ஆம்பைப் பாடகர்களுக்குப் பின்னால் வைத்தால் அது மைக்கின் முகத்தில் அடிக்கும். ஆகவே மேடையின் முன்விளிம்பில், எங்களைப் பார்த்தபடி, மானிட்டர்போலச் சாய்த்து வைத்தோம். மைக்குகளின் முதுகுக்குத்தான் ஒலி போனது. பாடகர் அண்ணனுக்கும் சுருதி கேட்டது.

ஆம்புக்கு முன்னால் வைக்க, கிட்டார்களுக்கு உலகெங்கும் வழக்கமான ஷ்யூர் எஸ்.எம்.57 மைக் இல்லை. அண்ணனிடம் இருந்தது பாட்டுக்கு உரிய 58. உள்ளே இருக்கும் பகுதி ஏறக்குறைய ஒன்றே, வலைதான் பெரிது. அவர் அதை ஸ்பீக்கரின் நடுக் குமிழுக்கு நேராக நிறுத்தினார். வெளிக் குழாயில் கேட்டால் தகரம் கிழிவதுபோல இருந்தது. நான் வாசித்துக்கொண்டே இருக்க, அவர் மைக்கை விரற்கடை விரற்கடையாக ஓரத்துக்கு நகர்த்தினார். மூன்று விரல் அகலம் நகர்ந்ததும் கையை உயர்த்தினேன். காகிதக் கூம்பும் நடுக் குமிழும் சேரும் விளிம்புக்குச் சற்று வெளியே. மிக்சரில் எந்தக் குமிழையும் அவர் திருப்பவில்லை.

எட்டு மணிக்கு மேடைப் பிளக்கில் அளந்தேன்: 198 வோல்ட். இந்த வால்வுகளின் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும், பத்து விழுக்காடு கூடக் குறையப் பொறுக்கும். 198இல் 5.4 வோல்ட்தான் கிடைக்கும். வாசித்தால் ஒலி வரும், ஆனால் அழுத்தினால் தளர்கிறது, தட்டும் நொடி மழுங்குகிறது, இழைக்கும் நல்லதில்லை. கடையிலிருந்து சர்வோ ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்திருந்தேன். சாதாரண ரிலே ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று முன்பே ஒதுக்கியிருந்தேன், ஏனென்றால் அது படி மாறும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்ற ஓசை ஸ்பீக்கரில் விழும். சர்வோ 228இல் நிறுத்திக் கொடுத்தது. கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் அளந்தேன், ஒரு வோல்ட்டுக்குக் கீழே. அதன் பிறகே பாடகர் அண்ணனிடம் மைக்கைக் கொடுத்தேன்.

பதினான்கு பாடல்கள். நான்காவது பாட்டின் இடையிசையில் கிட்டாருக்கு எட்டுத் தாளம் தனியாக வரும். கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதியில் வைத்து மெல்ல வாசித்துக்கொண்டிருந்தவன், அந்த இடத்தில் முழுவதும் திறந்தேன். ஆம்பில் எதையும் தொடாமலே ஒலி நிமிர்ந்து, லேசாகக் கரகரத்து, முன்னால் வந்து நின்றது. புரொசசரில் இதற்கு ஒரு பொத்தான் மிதிப்பேன். இங்கே சுண்டு விரல் போதுமாக இருந்தது. எட்டாவது தாளத்தில் திரும்ப மூடினேன், குரல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கியது. டிரம்ஸ் தம்பி பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

குமிழ் நிலைகளைத் துணி டேப்பில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன்: பேஸ் பத்து, மிடில் மூன்று, ட்ரெபிள் பதினொன்று, கெயின் ஒன்பதரை. 12ஏ.எக்ஸ்.7 இரண்டு வாங்கிவரப் பெங்களூருக்கு ஒருமுறை போகவேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மைக்செட் அண்ணன் கடைக்கு வந்தார். சாக்கில் சுற்றி அவர் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையர். எந்தத் திருவிழாவிலோ குழாயின் வயர் பிடுங்கிக்கொண்டு போனது தெரியாமல் பாட்டு ஓடியிருக்கிறது, அன்றோடு நின்றதாம். திறந்ததும் எனக்குப் பழக்கப்பட்ட அந்தக் கருகல் வாசனை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் வால்வுப் பக்கச் சுருள் அறுந்திருக்கிறது, மீட்டர் முள் அசையவே இல்லை. தகடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, முதல் அடுக்குக் காகிதத்தை எடுத்துவிட்டேன். இதுவரை 640 சுற்று எண்ணியிருக்கிறேன்.